கெட்டவளுக்குப் புருவம் வரைந்த கதை

மேக்கப் தொழிலில் நல்லவளைச் சட்டென்று முடித்துவிடலாம், கெட்டவளைத்தான் உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். மலேசியாவில், ஈப்போவில் ஒரு துணிக்கடை மாடியில் எனக்கு ஓர் அறை, ஒரு நிலைக்கண்ணாடி, இரண்டு தகரப் பெட்டி. கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம், தோட்டத்து நாடகங்களுக்கு மேக்கப் என்று எழுபதுகளும் எண்பதுகளும் எனக்கு இப்படியே ஓடின. வாசிக்கிற அக்கா தங்கச்சிகளே, புகுந்த வீட்டில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி, அதற்காகவே ‘கெட்டவ’ என்று பேர் வாங்கியவர்கள் உங்களில் எத்தனை பேர்? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். வாங்க, உட்காருங்க, சொல்கிறேன்.

வில்லனுக்கு மீசை போதும்

ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒருவர் வருஷா வருஷம் தீபாவளிக்கு நாடகம் போடுவார். நல்ல தம்பி, மரியாதை தெரிந்தவர். முதல் தடவை என்னைத் தேடி வந்தபோது கையில் ஒரு காகிதம் கொண்டுவந்தார். நாடகத்தில் பொய் சொல்லிக் குடும்பத்தைக் கெடுக்கிற பொம்பளை ஒருத்தி வருகிறாளாம். அவளுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதியிருந்தார். கையில்லாத ரவிக்கை, விரித்துப் போட்ட முடி, ரத்தச் சிவப்பில் உதட்டுச் சாயம், ஏற்றி வரைந்த புருவம், கன்னத்தில் மச்சம். முகம் கதாநாயகியைவிடக் கறுப்பாக இருக்க வேண்டுமாம்.

அதே நாடகத்தில் அண்ணன் சொத்தைப் பிடுங்கி, கட்டினவளை உதைத்து, ஒரு கொலையும் செய்கிற ஆம்பளை ஒருத்தன் உண்டு. அவனுக்கு என்ன என்று கேட்டேன். மீசையை மட்டும் கொஞ்சம் முறுக்கிவிடச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஏன் தம்பி, அவன் கொலையே பண்றான், இவ பொய்தானே சொல்றா?” என்றேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது போலச் சொன்னார்: “ஆம்பளை கெட்டவன்னா அவன் செய்யறதுல தெரிஞ்சிரும்க்கா. பொம்பளை கெட்டவன்னா மூஞ்சியிலயே தெரியணும் லா.”

எந்தப் பிரஷ் அது?

ஈப்போவில் ஒரு கல்யாண வீடு. மணப்பெண்ணை உட்கார வைத்துப் பெட்டியைத் திறந்தேன். பெண்ணின் சின்னம்மா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தார். போன வாரம் எங்கே வேலை என்று பேச்சுவாக்கில் கேட்டார். நானும் வெள்ளந்தியாக, “நாடகத்துல ஒரு சூனியக்காரிக்கு மேக்கப் போட்டேன்” என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான், அந்த அம்மா முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அதே பிரஷ்ஷால்தான் அதற்கு முந்திய வாரம் ஓர் அசுரனுக்குக் கோரைப்பல் வரைந்திருந்தேன், பிள்ளையைத் தின்கிற அசுரன். அதைச் சொன்னேன். அசுரனால் ஒன்றும் மோசமில்லையாம். அவசர அவசரமாக ஆளைப் பாசார் கடைக்கு அனுப்பிப் புதுப் பிரஷ் வாங்கி வந்த பிறகுதான் பெண்ணைத் தொட விட்டார். “கோவிச்சுக்காதீங்கக்கா. வாழப்போற பொண்ணு லா, அந்த மாதிரிப் பொம்பளை பட்ட பிரஷ் படக்கூடாது.”

முனியாண்டி அண்ணனின் மாமியார்

நம் வாத்தியார் நாடகத்தில் கொடுமைக்கார மாமியார் வேஷம் என்றால் முனியாண்டி அண்ணன்தான். தோட்டத்து லாரி ஓட்டுகிறவர். அந்த வேஷத்துக்குப் பெண்கள் யாரும் வரமாட்டார்கள் என்பதால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவரே சேலை கட்டினார். மருமகளுக்குப் பாலில் விஷம் கலந்து கொடுக்கிற காட்சியில் ஹாலே திட்டும். திரை விழுந்ததும் அதே சனம் அவரைத் தோளில் தூக்கும்.

வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி சுடச்சுடக் கோழிக்கறி வைத்திருப்பாள். ஒரு வருஷம் தோட்டத்து ஆபீஸ் கிராணியே மேடையேறி மாலை போட்டுச் சொன்னார்: “இவ்வளவு கெட்டவளா நடிக்க, எவ்வளவு நல்ல மனுஷனா இருக்கணும்!”

தவமணி மேடையேறினாள்

ஒரு வருஷம் நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முனியாண்டி அண்ணன் லாரியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வாத்தியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற தவமணிக்கு அந்த வேஷம் முழுக்க மனப்பாடம். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிற பெண், பத்தொன்பது வயசு. பக்கத்து ஊர் கோப்பெங்கில் மாப்பிள்ளை பேசி, தட்டு மாற்றி, தை மாசம் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவள் அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். நான்தான் பேசிப் பேசிக் கரைத்தேன். “வெறும் சாயம்தானே லா, துடைச்சாப் போயிரும்” என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம். ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைக்குப் புருவம் வரைந்தேன். பால் டம்ளரைக் கையில் எடுத்து அவள் சும்மா ஒரு பார்வை பார்த்தாள். ஹாலில் ஒருத்தருக்கும் திட்டக்கூடத் தோன்றவில்லை, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். முனியாண்டி அண்ணன் இவளுக்கு உறை போடக் காணாது. ஹாலில் ஓரமாக நின்று பார்த்த எனக்குப் பெருமை தாங்கவில்லை, கை வலிக்கத் தட்டினேன். தட்டியது நான் ஒருத்திதான் என்று பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது வரிசையில் கோப்பெங் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவளிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது: “கல்யாணமாகாத பொண்ணு, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டா?”

கோப்பெங்கில் மரியாதை

அந்த வாரமே தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.   மனசு கேட்காமல், மாவுக்கட்டோடு இருந்த முனியாண்டி அண்ணனையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டு கோப்பெங்குக்குப் போனேன். பன்னிரண்டு வருஷம் மாமியாராக நடித்தவர் வந்து சொன்னால் புரியாமலா போகும் என்று நினைத்தேன்.

வாசலிலேயே அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். “அட, நம்ம மாமியார் அண்ணே!” என்று ஒரே சிரிப்பு. அவருக்கு நாற்காலி, உடைந்த காலை வைக்க ஒரு தலையணை, கோப்பி, பிஸ்கோத்து. எனக்குத் தண்ணீர்கூட இல்லை. அண்ணன் நல்ல மனுஷன், குழைந்து குழைந்துதான் பேசினார். “நான் செஞ்ச வேஷம்தாம்மா, நான் பேசுன வசனம்தான். அந்தப் பொண்ணு சொந்தமா ஒரு வார்த்தை பேசலை” என்றார். சம்பந்தியம்மா அவர் தட்டில் இன்னும் இரண்டு பிஸ்கோத்தை வைத்துக்கொண்டே சொன்னார்: “நீங்க நடிச்சீங்கண்ணே. அவளுக்கு அது தானா வருது.”

தைப்பிங்கிலிருந்து வந்தவர்கள்

அடுத்த இரண்டு வருஷம் தவமணியைக் கேட்டு யாரும் வரவில்லை. தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகள் அவளைக் கண்டால் “பால் வேணாம், பால் வேணாம்” என்று கத்திக்கொண்டு ஓடும். கடைசியில் தைப்பிங்கில் ஓர் இடம் வந்தது, நாடகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத இடம். அவர்கள் பார்க்க வருகிற அன்று காலையிலேயே பஸ் பிடித்து என் மாடிக்கு வந்துவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமலே கேட்டாள்: “அக்கா, நல்லவ மாதிரி போட்டுவிடுங்க. கொஞ்சம் பயந்தவ மாதிரியும்.”

 கேட்டபடியே போட்டேன். அழகாக வளைந்திருந்த புருவத்தை மழித்து மெல்லிசாக, கீழே இறக்கி வரைந்தேன். முகத்து நிறத்தை வெளுப்பாகத் தூக்கினேன். உதட்டில் ஒன்றும் வைக்கவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்த்துவிடாதே, கால் கட்டைவிரலையே பார் என்று சொல்லிக் கொடுத்து, கூடவே தோட்டத்துக்கும் போனேன். ஒரு ஹாலையே மூச்சுக் காட்டாமல் உட்கார வைத்த அந்தக் கண்ணை அவள் தரையை விட்டு எடுக்கவே இல்லை. தைப்பிங் அம்மா அவள் மோவாயைத் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மகனிடம் திருப்தியாகச் சொன்னார்: “இந்தப் பொண்ணுதான் லா நமக்கு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, உள்ள ஒண்ணும் வச்சிக்கத் தெரியாத பொண்ணு.”

ஊர் கண்ணைக் கட்டின முகம் என்று ஒன்றை என் கையால் நான் போட்டிருக்கிறேன் என்றால், அது அன்றைக்குத் தவமணிக்குப் போட்ட நல்லவள் முகம்தான், கல்யாணமும் அந்த முகத்துக்குத்தான் நடந்தது.