ரெஜினா விட்ட கடப்பாரை

2003-ல் புதுப்பட்டினத்தில் தன் ஒற்றை அறை வீட்டுத் தரைக்குக் கான்கிரீட் போட ரெஜினா கூப்பிட்டது சடையப்பன் மேஸ்திரியை. தெருவே வாயைப் பிளந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் பிழைப்பைக் கெடுத்தவரே அவர்தான்.

அப்போது அவள் திமிசுக் கட்டை தூக்கி மண் இறுக்கும் வேலைக்காரி. ஒரு குவார்ட்டர்ஸ் வராந்தாவில், சுண்ணாம்பு நீற்றிய குழியை அவசரத்தில் தண்ணீர் காட்டி இறுக்காமல் வெறும் மணல் போட்டு மூடியவர் மேஸ்திரி. கான்கிரீட் போட்ட மாதமே அந்த இடம் உள்வாங்கியது. என்ஜினீயர் முன்னால் அவர் அவளைக் கைகாட்டினார்.

"இந்தம்மா எங்க சார் இடிச்சிது? மண்ணைத் தடவிக் குடுத்துகினு இருந்திச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். கடப்பாக்கம் வரைக்கும் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எறால் உரித்து நாளை ஓட்டினாள்.

இப்போது மேஸ்திரிக்கு வேலை குறைந்துபோய், கூட வேலையாட்களும் இல்லை. திமிசை அவரே தூக்கினார். கலவை மெஷினோடு துரை வாசலில் காத்திருந்தான். சுற்றுவட்டார வேலைக்கெல்லாம் மெஷின் ஓட்டுகிறவன். அவன் காதில் விழுந்தால் ஊர் பூராவும் விழுந்த மாதிரி.

ரெஜினா கடப்பாரையை இடுப்பு உயரத்திலிருந்து விட்டாள். இரண்டு விரல் இறங்கியது. ஒரு விரலுக்கு மேல் இறங்கினால் திரும்ப இடிக்கணும். மேஸ்திரியே வைத்த சட்டம்.

"இன்னா மேஸ்திரி," என்றாள், அவர் குரலையே மூக்கில் இழுத்து. "மண்ணைத் தடவிக் குடுத்துகினு கீறியா?"

துரை சிரித்துவிட்டான். மேஸ்திரி இடித்தார். அவள் தண்ணீர் ஊற்றி மறுபடி விட்டாள். இறங்கியது. சோற்று நேரம் தாண்டியும் ஓயவில்லை.

"எத்தினி வாட்டிம்மா? வயசாயிட்ச்சி எனக்கு."

"கட்டைய வச்சிட்டுப் போ. போறப்ப அந்தக் குழிய மூடுனது யாருன்னு துரைகிட்ட சொல்லிட்டுப் போ."

மேஸ்திரி திமிசைத் திரும்பத் தூக்கினார். நாலு மணிக்கு வாசல் மூலைதான் பாக்கி. அங்கே கடப்பாரை ணங்கென்று எகிறியது. ரெஜினா இன்னும் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்து, கடப்பாரையை மறுபடி விட்டாள். இறங்கியது. மேஸ்திரியின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

"நான்தான் மூடுனேன்," என்றார் தரையைப் பார்த்து.

"மெஷின் சத்தத்துல துரைக்குக் கேக்கலியாம்," என்றாள் ரெஜினா.

மெஷின் ஓடவே இல்லை.

"நான்தாம்பா மூடுனேன். தண்ணி காட்லே. ரெஜினா மேல தப்பு இல்ல."

துரை எழுந்து மெஷினைக் கிளப்பப் போனான்.

"இருப்பா," என்றாள் ரெஜினா. கடப்பாரையால் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க இன்னும் ரெண்டு விரல் எறங்குது. இடி மேஸ்திரி."