அப்பா காய்ச்சிய சவர்க்காரம்

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் அம்மா. எழுத உட்கார்ந்தால் எனக்குப் புகைதான் முதலில் தெரிகிறது.

அப்பா திருகோணமலை நகரத்தில் பிறந்தார். சிறுவயதில் தந்தையை இழந்து, வெள்ளைக்காரரின் கப்பல் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர்கள் போனபோது வேலையும் போயிற்று. துறைமுகம் அப்படியே கிடக்க, ஊரில் பலர் வேலையின்றித் திரிந்ததை அவர் மறக்கவே இல்லை. "துறைமுகம் வெறும் வாசல்தான் பிள்ளை. உள்ளுக்க நாங்கள் ஏதாவது செய்யவேணும்" என்பார்.

பாலையூற்றில் எங்கள் வளவிலேயே கொட்டில் போட்டுத் தேங்காயெண்ணெயில், குளிக்கவும் துவைக்கவும் சவர்க்காரம் காய்ச்சினார். வெளிநாட்டுச் சாமான்களை அரசாங்கம் மறித்த காலத்தில் ஆலை நிமிர்ந்தது. கட்டி வெட்டவும் தாள் சுற்றவும் அயலிலிருந்து ஏழு பெண்கள் வந்தார்கள். எண்ணெய்க்காரர், விறகு வண்டிக்காரர், தாள் அச்சடிப்பவர் எல்லார் வீட்டு உலையும் அந்த அடுப்பை நம்பித்தான் கொதித்தது.

பிறகு ஆட்சி மாறி இறக்குமதி திறந்தது. மினுங்கும் உறைகளில் சவர்க்காரம் கப்பலில் வந்திறங்கியது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். அந்தக் கப்பல் சவர்க்காரத்தையே விற்றுத் தரும்படி கொழும்பு வியாபாரி ஒருவர் அப்பாவைக் கேட்டார்.

"விக்கிறதுக்கு நான் ஓராள் போதும். இந்த ஏழு பேரும் எங்க போறது?" என்று அப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பாவின் பிடிவாதம் ஊரறிந்தது.

எண்ணெய் வாங்க வழியற்றுப்போன பிறகும் அப்பா விடவில்லை. சவர்க்காரம் காய்ச்சும் பெரிய தாச்சியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி அடுப்பை மூட்டினார். புகை தெரிந்தால் ஆலை ஓடுகிறதென்று ஊர் நம்பும், கடைக்காரர்கள் திரும்பி வருவார்கள் என்பது அவர் எண்ணம். பெண்களும் வழக்கம்போல் வந்து வெறுங்கையுடன் வரிசையில் இருந்தார்கள். அவர்களில் மலரக்கா மட்டும் பழைய தாள்களை மடித்து மடித்து வைப்பார். அந்த வரிசையை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

ஒருநாள் குறிஞ்சாக்கேணியில் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி வந்தார்.

"அண்ணன், பஸ்சில போகக்குள்ள புகையைக் கண்டன். மனசு ஆறிச்சு. வந்த சாமான் எங்கட உவர்த்தண்ணியில நுரைக்குதில்ல. பொண்டுகள் உங்கட கட்டியத்தான் கேக்கிறாங்க. ரெண்டு பெட்டி தாங்க."

நானா தாச்சியை எட்டிப் பார்த்தார். உள்ளே வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு பெட்டிக்கு ஆலை ஓடாது தம்பி" என்றார் அப்பா. அன்றே அடுப்பை அணைத்து, பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்.

அதன்பின் அவர் நிமிரவே இல்லை. கடைசியாகக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, "புகை தெரியுதா பிள்ளை?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஓம் அப்பா, தெரியுது" என்றேன்.

நோயில் கிடந்த அப்பாவை மாறிமாறிப் பராமரித்த அந்த ஏழு பெண்களுக்கும், பாடை தூக்கிய கைகளுக்கும், அரிசி மூட்டையோடு முதல் ஆளாய் வந்த நானாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அப்பாவைச் சுடலைக்கு அனுப்பிவிட்டு, முழுகுவதற்காகப் பெண்கள் நாங்கள் கிணற்றடிக்குப் போனோம். அவர் செய்த கட்டி ஒன்றுகூட வீட்டில் இல்லை. அயல்வீட்டார் கடையிலிருந்து மினுங்கும் உறையில் வந்த சவர்க்காரம் ஒன்றை வாங்கிவந்து தந்தார்கள். மலரக்கா அதன் உறையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"நல்ல வாசம்தான் பிள்ளை" என்று என் கையில் தந்துவிட்டு, தான் அதைத் தேய்க்காமலே முழுகினார்.

— மூத்த மகள்