ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைக்க மாட்டார்

என் வீட்டுக்காரர் பம்ப் மெக்கானிக். தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் இவரைத்தான் தேடி வருவார்கள். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, பம்ப்காரர் என்றால் கடையைக் காட்டிவிடுவார்கள். ஐம்பத்து நான்கு வயதாகிறது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்வரை இவருக்குச் சோறு இறங்காது. புதிதாக வாங்கிய மிக்ஸியை ஒரு வாரத்துக்குள் பிரித்துப் போட்டுவிட்டு, மூன்று திருகாணி மிச்சமாகக் கையில் வைத்துக்கொண்டு, "இது இல்லாமலே ஓடும்" என்று சொன்ன மனுஷன். இப்பேர்ப்பட்டவரின் உடம்புக்குள் ஒரு பம்பை வைத்துத் தைத்து, ஆறு வாரம் தொடாதே என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக இவருக்குச் சர்க்கரை. அது நரம்பையெல்லாம் கெடுத்து, கடைசி ஐந்து வருஷமாக ஆண்குறி விறைப்பதே நின்றுபோய்விட்டது. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் ஐந்து வருஷத்தை வீணாக்கினோம். அது நின்றதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் அதோடு சேர்த்து இவர் என்னைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். டம்ளர் வாங்கினால்கூட விரல் படாமல் அடியில் பிடித்து வாங்குவார். ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். ஹாலிலும் ஃபேன்தான் ஓடியது.

போன வருஷம் இவராகவே ஒரு டாக்டரைக் கண்டுபிடித்து என்னையும் அழைத்துப் போனார். டாக்டர் மேஜைமேல் ஒரு மாதிரியை எடுத்து வைத்தார். உறுப்புக்குள் இரண்டு குழல்கள், அடிவயிற்றில் சின்னதாக ஒரு தொட்டி, விதைப்பைக்குள் ஒரு பம்ப். பம்பை அமுக்கினால் தொட்டியில் இருக்கும் உப்புநீர் குழல்களுக்கு ஏறி விறைப்பு வரும். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிவிடும்.

இவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். நான் ஒருத்தி பக்கத்தில் இருப்பதே மறந்துபோச்சு.

"வால்வு ஒண்ணா ரெண்டா சார்? எத்தனை தடவை அமுக்கினா தேயும்?"

"இத்தனை வருஷத்துல யாரும் இங்க வால்வைப் பத்திக் கேட்டதில்ல" என்றார் டாக்டர்.

யாரும் என்னிடமும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். இதுவும் சரியாக வரவில்லை என்றால் இந்த மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைக்கவே மாட்டார். ஹாலோடு போய்விடுவார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கால்களை அகட்டி வைத்து நடந்தார். பாயிலிருந்து எழ முடியாது என்பதால் கட்டில் அவருக்கு, பாய் எனக்கு. துணியில் சுற்றிய ஐஸ், வேளாவேளைக்கு மாத்திரை, இறுக்கமான உள்ளாடை, அதற்குள் உறுப்பு மேல்நோக்கியே இருக்க வேண்டும். பக்கெட்கூடத் தூக்கக் கூடாது. பம்பில் கை வைக்கவே கூடாது. ஆறு வாரம் கழித்து நாங்களே சொல்லித் தருகிறோம் என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அக்கம்பக்கத்தில் குடலிறக்கம் என்று சொல்லி வைத்தோம். வம்பு அதில்தான் வந்தது. எதிர்வீட்டு டெய்லருக்குப் போன வருஷம் நிஜமாகவே குடலிறக்க ஆபரேஷன் நடந்திருக்கிறது. கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் ஆள் உடனே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"வலது" என்றார் இவர். அதே நேரத்தில் நான் "இடது" என்றேன்.

"ரெண்டு பக்கமுமா!" டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணி, இவரை நல்லாப் பாத்துக்குங்க." அவர் வாசலைத் தாண்டும்வரை நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். இவர் சிரிக்கவும் முடியாமல், அடக்கவும் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

முதல் வாரம் வீக்கமும் வலியும் அவரைப் பாடாய்ப் படுத்தின. தொடையெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. அதைவிட எனக்கு ஆச்சரியமான விஷயம் வேறு. ஐந்து வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு சட்டை மாற்றியவர், இப்போது தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா, வீக்கம் நேத்தைக்கு இன்னைக்குக் குறைஞ்சிருக்கா பாரு."

கடையில் மோட்டாரைத் திறந்து காட்டுகிற அதே குரல். நானும் போய்க் குனிந்து பார்த்தேன். மறைப்பானேன், எனக்கும் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைதான். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தொட்டி, குழாய், வால்வு எல்லாம் வரைந்து விளக்கினார்.

"குளிக்கும்போது தண்ணி உள்ள போயிடாதா?"

"வெளியில ஓட்டையே கிடையாதுடி. எல்லாம் உள்ளுக்குள்ளயே சுத்துது."

"அப்ப ரிப்பேர் ஆனா?"

இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 

வேலையில் இவருக்கு ஒரு கொள்கை உண்டு. பம்பைப் பொருத்தினால் முதலில் தனியாக ஓட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரர்களை அதற்கப்புறம்தான் கூப்பிடுவார். ஓட்டிப் பார்க்காமல் ஒருத்தரிடமும் ஒப்படைத்ததில்லை என்று இவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அது இங்கே வந்து வேலையைக் காட்டும் என்று எனக்கு உறைக்காமல் போய்விட்டது.

இருபத்து நான்காம் நாள் காலை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் குளியலறைக்குள் போய் முக்கால் மணி நேரம் ஆகியும் தண்ணீர்ச் சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஈனக்குரலில் கூப்பிட்டார்.

"ஏம்மா... கொஞ்சம் வாயேன்."

உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"ஓட்டிப் பாத்தேன். ஓடுது. நிறுத்தத்தான் முடியல."

 பம்பை நான்கு தடவை அமுக்கியிருக்கிறார். வீக்கம் முழுசாக வற்றாததால் தண்ணீரை இறக்குகிற அந்தப் பொத்தான் எங்கே என்று பிடிபடவில்லை. தேடித்தேடி அமுக்கியதில் வலி உயிர் போகிறது. மெதுவாகக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நல்லவேளை, அதே நர்ஸ்தான் எடுத்தார்.

"ஆறு வாரம் தொடக் கூடாதுன்னு அவ்வளவு சொன்னேனேம்மா!"

"சொன்னீங்க. இவரு பம்ப் மெக்கானிக்."

அந்தப் பக்கம் நர்ஸ் இருமுவது கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. அப்புறம் காய்ச்சல் இருக்கிறதா, ரத்தம், சீழ் ஏதாவது வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை.

"அவரு பதட்டத்துல கண்ட இடத்துல அமுக்குறாரு. அவரைக் கையை எடுக்கச் சொல்லுங்க, நீங்க பண்ணுங்க. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்கம்மா."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் வைத்தேன். நர்ஸ் சொல்லச் சொல்ல விரலால் தேடினேன். பட்டாணியளவில் மெத்தென்று ஒரு மேடு அகப்பட்டது. அதை அமுக்கிப் பிடித்தபடி நர்ஸும் நானும் பத்துவரை எண்ணினோம். இவர் ஐந்திலேயே கத்திவிட்டார். பத்து முடிந்ததும் மெல்ல மெல்ல இறங்கியது. "நாளைக்குக் கண்டிப்பாக் கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்று சொல்லி நர்ஸ் போனை வைத்தார்.

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். இவர் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அந்த முதுகை எனக்குத் தெரியும். ஹாலில் ஐந்து வருஷம் பார்த்த முதுகு. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். உடனே கோபமும் வந்தது.

"திரும்புங்க. ஆறு வாரம் பொறுக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன அவசரம்?"

சுவரைப் பார்த்தே சொன்னார்.

"உன்கிட்ட வந்தப்புறம் அது ஓடலைன்னா? கஸ்டமர் முன்னாடி சுவிட்சைப் போட்டு மோட்டார் ஓடலைன்னா எவ்வளவு அசிங்கம் தெரியுமா? அதான் தனியா..."

"நான் உங்களுக்குக் கஸ்டமரா?"

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தையல் மெஷினே நின்றுவிட்டது.  இன்னும் பேசினால் அழுதுவிடுவேன் என்று மிச்சத் துணியைக் காயப்போடப் போய்விட்டேன்.

மறுநாள் டாக்டர் பார்த்தார். கன்னாபின்னாவென்று திட்டினார். நல்லகாலம், எதுவும் கெடவில்லை, ஆனால் மிச்சமிருக்கும் வாரங்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். திட்டு முடிந்ததும் இவர் கூச்சமே இல்லாமல் ஆரம்பித்துவிட்டார். தொட்டியில் எவ்வளவு தண்ணீர், காற்றுக் குமிழி இருந்தால் என்ன ஆகும், பொத்தானை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்தால் என்ன. டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எதுவும் கேக்கவே இல்லையேம்மா?"

"ஒண்ணே ஒண்ணு சார். இவரு என் கையைப் பிடிக்கிறதுக்கு இந்த நோயால ஏதாவது தடை இருந்துச்சா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கையைப் பிடிக்கவா? அதுக்கு என்னம்மா தடை? ஒண்ணும் கிடையாது."

இவர் மேஜைமேல் இருந்த மாதிரியையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அஞ்சு வருஷமுமா சார்?"

"அஞ்சு வருஷமும்தான்."

 வெளியே வந்து, மருந்து வாங்குகிற வரிசைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். சுற்றிலும் ஜனம். இவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அன்றைக்கும் தீரவில்லை. கையை மட்டும் நான் எடுக்கவில்லை.