ஜிப் இழுத்து மூடிய கருவாட்டு மணம்

போன மாதம் ஒரு கேரவன் வாங்கினோம். பழையதுதான். ஆனால் சுவர் உள்ளது. தட்டினால் 'டக் டக்' என்று கேட்கிற, துணியில் செய்யாத, நிஜமான சுவர்!

விற்றவர் எசெக்ஸ் பக்கத்து வெள்ளைக்காரப் பெரியவர். கட்டில் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, ஃபிரிட்ஜ் எப்படிக் குளிர்கிறது என்று ஆசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இதற்குள் காற்று எந்த வழியாக வருகிறது?

மனிதர் சிரமப்பட்டுக் குனிந்து, தரையோடு இருந்த ஒரு வலை போட்ட ஓட்டையைக் காட்டினார். கூரையிலும் உண்டு. இவற்றுக்கு மூடி கிடையாது, மூடவும் கூடாது என்றார்.

என் கணவர் ஓட்டையின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"இஞ்சரும், நல்லாக் குளிர் அடிக்குது. ஒரு பழந்துணியைச் செருகிவிட்டால்..."

"கையை எடுங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் பெரியவர் நிமிர்ந்தே விட்டார். ஏன் அப்படிக் கத்தினேன்? சொல்கிறேன்.

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு வாசலில் பல வருஷமாக ஒரு மடக்கு கேம்பர் நின்றது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும்போது தட்டையான பெட்டி. போய்ச் சேர்ந்து கூரையைத் தூக்கினால், சுற்றிவரத் துணிச் சுவர், ஜிப் வைத்த ஜன்னல், இரண்டு பக்கமும் கட்டில். எந்த விடுமுறைக்கும் அதுதான் எங்கள் வீடு.

அந்த வீட்டில் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்கள் சாப்பாடு சமைத்தால் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட வேண்டும். பக்கத்து ஆட்களுக்கு மணம் போகக் கூடாது!

சிரிக்காதீர்கள். வேலைக்குப் போடுகிற கோட்டை மேல்மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தானே நம்மில் பாதிப் பேர் மீன் பொரிக்கிறோம்? உண்மையா, இல்லையா?

இந்த மே மாத விடுமுறைக்கு வேல்ஸ் கடற்கரைக்குப் போனோம். ஒரு மத்தியானம் நல்ல மழை. இவர் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனார். நான் ஓர் அடுப்பில் சோறு, மற்றதில் கருவாட்டுப் பொரியல். வழக்கம்போல ஜன்னல், வாசல், மேலே இருந்த சின்னத் திறப்பு... எல்லாம் மூடியாகிவிட்டது.

கட்டிலில் மகள் ஆரணி. பதினாலு வயது. கையில் ஃபோன்.

"அம்மா, தலை இடிக்குது."

"அதை வை. இடிக்காது."

கொஞ்ச நேரத்தில், "அம்மா, சத்தி வரப் போகுது" என்றாள்.

வாந்திக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் என்ன? இஞ்சி போட்ட பிளேன் ரீ. சோற்றை இறக்கிவிட்டுக் கேத்தலை வைத்தேன். அதே அடுப்பு. அதே மூடிய கூடாரம். எனக்கும் தலை சுற்றியது. பசி என்று நினைத்தேன்.

இவர் வந்து ஜிப்பைத் திறந்தார்.

"என்னப்பா இது? உள்ளுக்கு நிக்கேலாமல் கிடக்கு... ஆரணி? பிள்ளை?"

பிள்ளை எழும்பவில்லை.

தூக்கிக்கொண்டு போய் ஈரப் புல்லில் கிடத்தினார். முகத்தில் மழை விழுந்தது. அவள் கண்ணைத் திறக்கும்வரை நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க். கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். காற்றில்லாத இடத்தில் எரிகிற அடுப்பு கக்குகிற நஞ்சு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லையாம்.

மணத்துக்குப் பயந்து மூடியவளை மணமே இல்லாத ஒன்று அடித்திருக்கிறது!

மாலையில், பக்கத்துக் கூடாரத்துப் பெண் நாங்கள் வெறுங்காலோடு விட்டுவந்த சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எங்கள் சமையல் மணம் உங்களுக்குத் தொந்தரவாக இருந்ததா என்று வாய்விட்டுக் கேட்டேன். அவள் முழித்தாள். நீங்கள் சமைப்பதே இல்லை என்றுதான் நினைத்தோம் என்றாள்.

அவ்வளவு திறமையாக மூடியிருக்கிறேன்.

ஆரணி முழுதாகத் தேறிவிட்டாள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் என் மைத்துனர் புத்தி சொல்ல வந்தார். "அண்ணி, எங்களுக்கு ஏன் இந்த வேலை? கேம்பரை வித்துப்போட்டு ஒரு ஹோட்டலில படுத்திட்டு வாங்கோ."

கேம்பரை விற்றேன். ஹோட்டலுக்கு மாட்டேன் என்றுவிட்டேன். பயந்து நிறுத்தினால், அந்தப் பயம் என் பிள்ளையோடு சேர்ந்து வளரும். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். ஆனால் என் கையில் இனி ஒரு ஜிப்பும் இருக்கக் கூடாது. நானே நினைத்தாலும் இழுத்து மூட முடியாத காற்று வழி வேண்டும். ஆகவே கேரவன்.

ஆரணி சம்மதித்தாளா? அதெப்படி!

"அம்மா, அது துணி. கிழிச்சுக்கொண்டு வெளியில வரலாம். இது பாக்ஸ். நான் வரேல்ல."

பேச்சுவார்த்தை நடந்தது. யூனியன் தலைவர்கூட அவளிடம் தோற்றுப் போவார். அந்த நஞ்சு கலந்தால் கத்துகிற அலாரம் இரண்டு வேண்டும். அவள் கட்டில் வாசல் பக்கம். சமைக்கும்போது கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மழையானாலும்.

"ஓம்" என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம்.

போன ஞாயிறு முதல் பயணம். லண்டனுக்குக் கொஞ்சம் வெளியே ஒரு கேம்ப் தளம். ஆரணி வெளியே கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். உள்ளே காலே வைக்கவில்லை. நான் கதவை அகலத் திறந்து கொளுவினேன். அடுப்பை மூட்டினேன். அதே கருவாடு. வேண்டுமென்றேதான்!

மணம் கிளம்பியது. ஒளிவுமறைவு இல்லாமல் தளம் முழுக்கப் போனது. அந்த வழியால் நடந்து வந்த ஒரு நாய் அப்படியே நின்றுவிட்டது. நாய்க்காரர் கயிற்றை இழுக்கிறார், நாய் அசையவில்லை. உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று ஆரணியிடம் கேட்டார்.

நான் கரண்டியோடு உறைந்து போனேன்.

கருவாடு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மணம் பயங்கரம், ருசி அதைவிடப் பயங்கரம் என்றாள். மனிதர் சிரித்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆரணி எழுந்தாள். படியில் நின்று உள்ளே தலையை நீட்டினாள்.

"அம்மா, அங்கால் பக்க ஜன்னலும் பூட்டியிருக்கு."

"நீயே வந்து திற."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே வந்து ஜன்னலைத் திறந்தாள். அலாரத்தை ஒருமுறை அமத்திப் பார்த்தாள். அது வீறிட்டது. திருப்தியாகப் போய்த் தன் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

பக்கத்துக் கேரவன்காரர் தன் ஜன்னலைச் சாத்தினார். சாத்தட்டும்... அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லையே!