விருந்தாளிக்கு நெல்லுச்சோறு

எனக்கு ஊர் சுற்றப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மலைக்கு வெளியாள் வந்தாலே எனக்கு ஆகாது என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து திருப்பத்தூர் காலேஜுக்கு பஸ்ஸில் போய்வந்த காலம் முழுக்க, டவர் கிடைக்கிற வளைவு வரைக்கும் நான் போனில் பார்த்ததெல்லாம் பயண வீடியோக்கள்தான். யாரோ ஒரு பெண் முதுகில் பையோடு தெரியாத ஊரில் இறங்குவாள். ஒரு வீட்டில் தங்குவாள். அவர்கள் தின்பதைத் தின்பாள், அவர்களோடு வயலுக்குப் போவாள். பெரிய ஹோட்டல், நீச்சல்குளம், வரிசையில் நின்று போட்டோ எடுக்கிற இடம் எல்லாம் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. போகிற ஊரில் அந்த ஊர்க்காரர் மாதிரி ரெண்டு நாள் இருந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். எனக்கு அது சரியென்றுதான் பட்டது. இப்பவும் படுகிறது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, நான். அண்ணன் வருஷத்தில் பாதி நாள் கர்நாடகத்தில் காபித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். மலையில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான். அவர் போகாமல் இருக்க ஒரே வழி என்று அண்ணி கட்டியதுதான் அந்த ரூம். புளி உலுக்கி, கொட்டை எடுத்து, விற்றுச் சேர்த்ததில் வீட்டை ஒட்டிக் கட்டினது. தரைக்கு நீலப்பூ போட்ட டைல்ஸ். அதைத் தேடி என்னையும் இழுத்துக்கொண்டு திருப்பத்தூரில் அண்ணி ஏறி இறங்காத கடை இல்லை. "டூரிஸ்ட்டுங்க வந்து தங்குனா உங்க அண்ணன் இங்கியே கெடப்பாரு பாப்பா" என்பார்.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். மலைவாழ் மக்கள் வீடுகளில் டூரிஸ்ட்டுகளைத் தங்கவைக்கிற கம்பெனி. நான்தான் ஓடி ஓடி வீட்டைச் சுற்றிக் காட்டினேன். மனுஷன் டைல்ஸைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இது மேல பாய் போட்டுடுங்கக்கா. கேஸ் அடுப்பு கண்ணுல படக்கூடாது. பிரிட்ஜ் மேல ஒரு புடவையப் போட்டு மூடிடுங்க. பிளாஸ்டிக் சேர் எல்லாம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க. வெளிச் சுவருக்கு செம்மண் பூசிடலாம்."

"ஏன் சார், எல்லாம் புச்சா வாங்கனதுதான்" என்றார் அண்ணி.

"அதான் பிரச்சனையே. வர்றவங்களுக்கு ஒரிஜினல் வேணும்."

"அப்ப நாங்க இன்னா, டூப்ளிகேட்டா?"

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட்டைப் பார்த்ததும் மட்டும், "சூப்பர்க்கா, இது அப்படியே இருக்கட்டும்" என்றார். அண்ணி என் காதில், "ஒரிஜினல் ஒக்கார்ற எடத்துல மட்டும் வேணாமாம்" என்றார். சுவருக்குச் செம்மண் பூசினோம். பிரிட்ஜுக்குப் புடவை கட்டினோம். அண்ணன் இந்த வருஷம் போகாமல் இருந்தால் போதும் என்று எல்லாம் செய்தோம்.

கிளம்பும்போது அவர் சொன்ன கடைசி விஷயம் இதுதான்: "சாப்பாடு ஸ்பெஷலா எதுவும் வேணாம். நீங்க தினம் என்ன சாப்பிடுறீங்களோ அதையே போடுங்க."

இங்கேதான் சிக்கல். நாங்கள் தினம் தின்பது எங்கள் கொல்லைக்காட்டில் விளைகிற சாமைச்சோறும், கேவுரு என்கிற கேழ்வரகுக் களியும். நெல் மலையில் அதிகம் விளையாது, கீழேயிருந்து வரவேண்டும். அதனால் நெல்லுச்சோறுதான் எங்களுக்கு மரியாதைச் சோறு. முதல்முறை வாசல் ஏறி வருகிறவருக்கு எந்த வீட்டிலும் சாமை போடமாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவசரத்தில் சாமைச்சோறு போட்டு, அந்தப் பேச்சு அதோடு முறிந்துபோனதும் எங்கள் ஊரில் உண்டு. கம்பெனி ஆள் சொன்னதை நான் அண்ணிக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

"அவுங்க சொல்லுவாங்க பாப்பா. மானம் போறது நமக்கு இல்ல?"

முதல் விருந்தாளிகள் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். புருஷன் பொண்டாட்டி, இரண்டு பேரும் நல்ல மாதிரி. முட்டையிட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கோழியை அண்ணி அடித்தார். சந்தையில் வாங்கிய பொன்னி அரிசிச் சோறு, கோழிக்குழம்பு, அப்பளம், சேமியா பாயசம். இலை காலியாகிற நேரம் பார்த்துப் பார்த்துப் போட்டார். அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள், "மில்லட் எதுவும் இல்லையாங்க?"

"ஐயோ, உங்களுக்குப் போயி அதப் போடுவமா? நீங்க நல்லா சாப்பிடுங்க" என்று அண்ணி இன்னொரு கரண்டி கோழி வைத்தார்.

ஞாயிறு சாயங்காலம் மதகுப் பக்கம், டவர் கிடைக்கிற இடத்தில் நின்று நான் போனைத் திறந்தேன். கம்பெனி வெப்சைட்டில் எங்கள் வீட்டுக்கு ஒற்றை ஸ்டார். மனிதர்கள் அன்பானவர்கள், ஆனால் உண்மையான மலை வாழ்க்கை எதுவும் இல்லை, எங்கும் கிடைக்கிற சாதமும் சிக்கனும்தான், எல்லாமே நடிப்பு மாதிரி இருந்தது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன்.

"நடிப்பா? செத்த கோழிகூட நடிச்சுதாமா?"

சிரிப்பாகச் சொன்னார், ஆனால் அன்றைக்கு ராத்திரி அண்ணி சாப்பிடவில்லை.

அந்த வாரமே கம்பெனி ஆள் திரும்ப வந்தார். இனிமேல் சாமைதான் போடவேண்டும், விறகு அடுப்பில்தான் சமைக்கவேண்டும். அது போக, விருந்தாளிகள் எதிரில் அண்ணி உரலில் சாமை குத்திக் காட்டவேண்டும். நாங்கள் சாமையை மெஷினில் கொடுத்து அரைத்து வருகிறோம் சார் என்றேன். "தெரியும்மா. சும்மா ஒரு டெமோ" என்றார்.

அதுவரைக்கும் பொறுமையாக இருந்த அண்ணி எழுந்து நின்றார்.

"சார், நான் உங்க வூட்டுக்கு வர்றேன். உங்க வூட்டம்மா கேஸ் அடுப்பக் கட்டில் அடியில தள்ளிட்டு, அம்மியில அரைச்சிக்கினே இருக்கணும். நான் சுத்திச் சுத்தி போட்டோ புடிப்பேன். செரியா?"

"அக்கா, அது வேற."

"இன்னா வேற? சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. நீங்களாவது புரிய வைங்க."

படிச்சவளாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சார், ஊர்க்காரங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கத்தான வந்தாங்க? வந்தவங்கள நாங்க இப்படித்தான் கவனிப்போம். இதவிட லோக்கல் இன்னா இருக்குது?"

"வாஸ்தவம்தாம்மா. ஆனா அதை போட்டோ எடுக்க முடியாதே."

இந்த ஒரு வரியை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். கெட்ட மனுஷன் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

அண்ணி இறங்கி வந்தார். அண்ணனை நினைத்திருப்பார். "சாமை போட மாட்டேன்னு சொல்லல சார். ரெண்டாந்தடவ வரட்டும், தாராளமாப் போடறேன்."

"ரெண்டாவது தடவை யாருக்கா வரப்போறாங்க? அடுத்த லீவுக்கு அவங்க வேற மலைக்குப் போயிடுவாங்க."

"அப்ப வேணாம்" என்றார் அண்ணி. ஒரே வார்த்தை. மறுநாள் கம்பெனி வெப்சைட்டில் எங்கள் வீடு இல்லை.

நான் கேட்கிறேன்: ஒரு வீட்டின் தினப்படிச் சோற்றில் பங்கு கேட்பது லேசான காரியமா? அது எங்களுக்குள் ஒருவராக ஆனவர்களுக்குப் போடுகிறது. வந்து இறங்கி, பையை வைத்த கையோடு அதைக் கேட்கிறார்கள். நாங்கள் உயர்ந்தது என்று நினைத்துக் கொடுத்தால் அது போலி. நாங்கள் மறந்துவிட்ட உரலைத் தூக்கிவந்து குத்தினால் அது நிஜம். எங்கள் நிஜத்தை எங்களுக்கே சொல்லிக் கொடுக்க இவர்கள் யார்? சென்னைக்கு வருகிற யாரும் அங்கே ஒரு வீட்டில் நுழைந்து, ஏசியைக் கழட்டு, விசிறிக்கொள் என்று கேட்பதில்லை. மலைக்காரன் மட்டும் எந்தக் காலத்தில் இருக்கவேண்டும் என்று வெளியாள்தான் சொல்லுவான்!

ரூம் பூட்டிக் கிடந்தது. அண்ணன் எப்போதும்போலப் பையைக் கட்டினார். பஸ் ஏறும்போது, "டைல்ஸ் மேல இருக்கற பாய எடுத்துடு, ஈரம் புடிக்கும்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி பாயைச் சுருட்டினார், பிரிட்ஜிலிருந்து புடவையை உருவினார். சுவரில் இருந்த செம்மண் அந்த வருஷ மழைக்கே கரைந்துவிட்டது.

மழை விட்டபின் கீழே படவேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ் அக்கா எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தார். தங்க இடம் தேடி வந்தவர் ரூமைப் பார்த்து, "டைல்ஸ் சூப்பரா இருக்குதே" என்றார். அண்ணி வாடகையைக்கூடப் பேசவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டார். வாடகை பெரிசு இல்லைதான், ஆனால் மாசாமாசம் வரும். அண்ணன் அந்தத் தடவை பாதியிலேயே திரும்பிவந்தார். அடுத்த வருஷம் போவாரா என்று தெரியாது.

வந்த அன்றைக்கு நர்ஸ் அக்காவுக்கு நெல்லுச்சோறு, கோழி, அப்பளம், பாயசம் எல்லாம் நடந்தது. ரெண்டு மூன்று நாள் அந்த மரியாதை ஓடியது. அப்புறம் ஒருநாள் சாயங்காலம், டியூட்டி முடிந்து வந்து எங்களோடு கீழே உட்கார்ந்தவர் தட்டில் அண்ணி சாமைச்சோறு போட்டு, மொச்சைக்கொட்டைக் குழம்பை ஊற்றினார்.

நர்ஸ் அக்கா தட்டைப் பார்த்தார். "இன்னாக்கா, இன்னிக்குக் கோழி இல்லியா?"

அண்ணி குழம்புச் சட்டியிலிருந்து நிமிரவேயில்லை. "நீ இன்னா, விருந்தாளியா?"