மஞ்சள் சிவந்த மத்தியானம்

எழுபதுகளின் கடைசியில் நான் காலேஜில் பிரீடிகிரி படித்துக்கொண்டிருந்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் அம்மா அப்பளம் இட்டு விற்பாள். ஒரு தடவை மாவில் சேர்க்கும் அப்பளக்காரம் கிடைக்காமல், பஜாரில் யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்த வெள்ளைச் சில்லுகளை வாங்கி வந்தாள். அதைச் சொம்புத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

வெயிலில் அலைந்துவிட்டு வந்த அக்கா அந்தச் சொம்பை எடுத்தாள். எங்கள் வீட்டில் பாத்திரத்தில் உதடு பட்டால் எச்சில். அண்ணாந்து தொண்டையில்தான் விட்டுக்கொள்ள வேண்டும். நாக்கில் பட்டிருந்தால் உடனே துப்பியிருப்பாள். பாழாய்ப்போன ஆசாரம்! ஒரு மடக்கு உள்ளே போன பிறகுதான் சொம்பை எறிந்தாள்.

"தொண்டை எரியறதுடா! என்ன எழவுடா அது?"

எனக்குத் தெரியாது. ஆனால் கண்டுபிடிக்கத் தெரியும் என்ற திமிர் இருந்தது. அமிலமா, காரமா, உப்பா? சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் மஞ்சள்பொடியைப் போட்டேன். அமிலமோ சாதாரண உப்போ என்றால் மஞ்சளாகவே இருக்கும். ரத்தமாகச் சிவந்தது. காரம்! சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காரத்தை அமிலம் முறிக்கும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. புளியைக் கெட்டியாகக் கரைத்து நீட்டினேன்.

"இதைக் குடி, அடங்கிடும்."

"நிச்சயமா?"

"நான் படிச்சிருக்கேன்டி."

குடித்தாள். குடித்ததும் குடலே வெளியே வருவது போல வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மலையாளத்தில் அதட்டினார். "ஆரா புளிவெள்ளம் கொடுத்தது?" அது காஸ்டிக் சோடா, உள்ளே போகும்போது ஒரு தடவை வெந்தது, வாந்தியில் இன்னொரு தடவை வெந்திருக்கிறது, புளியைக் கொடுக்காமல் உடனே இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் விரலில் இருந்த புளிக்கறையைச் சட்டையில் துடைத்தேன். பேச முடியாத அக்கா கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். தானே குடித்தாளாம்.

தொண்டை சுருங்கிப்போயிற்று. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. எட்டு வருஷம் கஞ்சித் தண்ணீரில் உயிரோடு இருந்தாள். அம்மா தினமும் கஞ்சியைத் துணியில் வடிகட்டும்போது ஆற்றாமையில் அவளைத்தான் திட்டுவாள்.

"யாராவது புளியைக் கரைச்சுக் குடிப்பாளோடி? புத்தி எங்கே போச்சு உனக்கு?"

பக்கத்து அறையில் வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பிறகு அதே பாடத்தில் பட்டம் வாங்கினேன், வேலையும் வாங்கினேன். அக்கா போன அன்றும் அம்மா அதையே சொல்லித்தான் அழுதாள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.