சத்தியபாயின் கஞ்சியில் நாரத்தைத் தோல்

அருமனைச் சந்தையில் 1951-ஆம் ஆண்டு ஒரு செய்தி கிளம்பியது. மிஷன் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஜெபதாஸ், மனைவியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாரத்தங்காய்த் தோலை மோந்து மோந்து சிரித்தாராம். மீன்கடையில் "சிரித்தார்" என்றிருந்தது, சலூனுக்குப் போய்ச் சேரும்போது "குடித்துவிட்டுச் சிரித்தார்" ஆகிவிட்டது. சாராய வாடையை மறைக்க நாரத்தை இலை மெல்லுவது ஊர் ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. எப்படித் தெரிந்தது என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

விசாரித்துப் பார்த்தால் குடி பொய், சிரிப்பும் பொய். தோல் மட்டும் உண்மை. அது அவர் கைக்கு வந்த கதை ஓர் ஆங்கிலச் சொல்லில் தொடங்குகிறது.

மூன்றாம் பாரம் வகுப்பில் ஞானசெல்வி என்ற பெண் எழுந்து, "ஜெஸ்ட்ன்னா என்ன சாரே?" என்றாள். பாடத்தில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஜெஸ்டோடு (zest) சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "உற்சாகம்" என்றார் ஜெபதாஸ். சொன்னது தப்பில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை. சீமைக்குத் திரும்பிய துரைசானி ஒருத்தி விட்டுப்போன தடித்த அகராதி, கரையான் தின்றது போக மிச்சம், பள்ளி அலமாரியில் கிடந்தது. புரட்டினார். ஒன்றை ரசித்து, ருசித்து, மனம் பொங்க அனுபவிப்பது என்றிருந்தது. அதற்கும் முந்திய பொருள், பானத்தில் மணத்துக்காகச் சீவிப் போடும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல். பிரெஞ்சுக்காரனிடம் வாங்கிய சொல். அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அகராதி கையை விரித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவி சத்தியபாயிடம் சொன்னார். அவளுக்கு வயிற்றில் கட்டி. சோறு மண்ணாக இருக்கிறதென்று இரண்டு மாதமாகத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, ஒரு மாதம் சாப்பிட்டுத் தேறி வரட்டும், கட்டியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தோலுக்கா சந்தோசம்னு பேரு வச்சான்? அப்பம் சொளய என்ன செய்தானாம்?"

"அகராதியில போடல்ல."

"நாம குப்பையில எறியிறதுக்கு அவன் புஸ்தகம் எழுதியிருக்கான் பாருங்க" என்று சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் முதல் சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் ஜெபதாஸை எழுப்பி முற்றத்துக்கு அனுப்பியது. அங்கே அவர்கள் நட்ட நாரத்தை, முதல் காய்ப்பாக மூன்று காய் காய்த்திருந்தது.

"ஒண்ணு பறிக்கட்டா? கஞ்சியில தோலச் சீவிப் போட்டுப் பாப்போம்."

"தொடப்பிடாது. மொதக்காய் கோயிலுக்குள்ளது. அறுப்பின் பண்டிகைக்கு நேந்தாச்சு."

"ஆண்டவருக்கு ரெண்டு போராதா?"

"அவருட்ட பேரம் பேசாதீங்க. அவரு ஒங்க ஹெட்மாஸ்டர் இல்ல."

அடுத்த வீட்டு அய்யாவழிக்காரி செல்லக்கனி தன் மரத்தில் மிஞ்சியிருந்த கடைசிக் காயைக் கொண்டுவந்து கொடுத்தாள். "திருப்பித் தாறேன்னு வந்தீருன்னா வாசல்ல ஏத்த மாட்டேன் சாரே."

வெள்ளை படாமல் பச்சைத் தோலை மட்டும் கத்தி முனையால் சுரண்டிச் சூடான கஞ்சியில் தூவினார். மணம் எழுந்தது. சத்தியபாய் மோந்தாள், கிண்ணத்தைக் கையில் வாங்கினாள். முதல் நாள் பாதிக் கிண்ணம். நான்காம் நாள் முழுக் கிண்ணம். ஆறாம் நாள், "மீன் உண்டா?" என்று கேட்டாள். ஜெபதாஸ் சந்தைக்கு ஓடவே செய்தார்.

எட்டாம் நாள் தோல் தீர்ந்தது. சந்தையில் நாரத்தங்காய் இல்லை. எலுமிச்சை அவளுக்குக் குமட்டியது. மறுபடியும் தட்டைத் தள்ளத் தொடங்கினாள். பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம். ஒருநாள் விடியற்காலம் ஜெபதாஸ் மரத்தடிக்குப் போய்க் காயைக் கையில் பிடித்தார். அவர் வேதம் போதித்த உபதேசியாரின் மகன், நேர்ந்ததைப் பறிக்க மனம் வரவில்லை. பிடித்த காயை விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கை கனத்தது.

பண்டிகை வந்தது. சபையார் படைத்த முதல் விளைச்சலோடு மூன்று காயும் கோயிலில் ஏலத்துக்கு வந்தன. ஜெபதாஸ் எழுந்து கேட்டார். ஏலத்தில் இங்கே ஒரு மரியாதை உண்டு. பெரிய மனுஷன் ஒருவன் கேட்டால் எதிர்த்துக் கேட்காமல் இருப்பது அவனை மதிக்காததற்குச் சமம். ரப்பர் எஸ்டேட் மேஸ்திரி ஞானசிங்குக்கு வாத்தியார் மேல் அளவில்லாத மதிப்பு. ஆகவே கூட்டினார். இவர் கூட்டினார், அவர் மேலும் கூட்டினார். சபை மகிழ்ந்தது, பாதிரி ஐயர் தலையாட்டினார். பெண்டாட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுந்து சொல்ல ஜெபதாஸுக்கு நா எழவில்லை. நேர்ந்ததைத் திருப்பிக் கேட்பதாகிவிடுமே. சம்பளத்தின் எல்லை வந்ததும் உட்கார்ந்தார்.

"மூணுதரம்!"

சாயங்காலம் ஞானசிங் வீட்டு வாசலில் நின்றார். விஷயம் கேட்டு அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்த பறஞ்சிருந்தா வாயத் தொறந்திருப்பனா சாரே? சாருக்குப் பெருமையாட்டு இருக்கட்டேன்னுல்லா ஏத்தினேன். மூணையும் கொண்டுபோவும்!"

"ஒண்ணு போரும். சும்மா வேண்டாம். காணிக்கைப் பொருளு. அடுத்த காய்ப்புல தாறேன்."

"செரி. கடனாட்டே இருக்கட்டு."

கஞ்சியில் தோல் விழுந்தது. சத்தியபாய் நெடுநேரம் மோந்தாள். "நம்ம மரம்" என்றாள். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். இறங்கவில்லை. துடைத்துவிடச் சொல்லி முகத்தைக் காட்டினாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் நகக்கண்ணில் பச்சையாக ஒரு துணுக்கு இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். அழுகை வராமல் வாய் ஒருபக்கம் கோணியது. அவ்வளவுதான் ஊர் பார்த்த சிரிப்பு.

மறுவருஷம் மரம் காய்த்துக் குலுங்கியது. ஒன்றைக்கூட அவர் பறிக்கவில்லை, உதிர்ந்து அங்கேயே அழுகின. ஞானசிங் கடனைக் கேட்கிற ஆள் இல்லை. அவர் எதிரே வந்தால் ஜெபதாஸ்தான் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். 1956-இல், அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தாலுகாவே கேரளத்துக்குப் போகாமல் சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அரை மைல் தூரத்திலிருக்கும் ஞானசிங் வீட்டுக்கு அந்த ஒரு நாரத்தங்காய் இன்னும் போய்ச் சேரவில்லை.